கிள்ளுவதும் அவர்களே, தொட்டிலை ஆட்டுவதும் அவர்களே

என்பிஏ ஆட்டக்காரர் ஒருவர் எவ்வளவு பெரிய ஆள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டே கேள்விகளில் கதையை முடித்துவிடுவார்கள். மோதிரம் எத்தனை? ஃபைனல்ஸ் எம்விபி எத்தனை? (விவரம் தெரியாதவர்களுக்கு: பட்டம் வென்ற அணியில் ஆளுக்கொரு மோதிரம் கிடைக்கும். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தருவதுதான் ஃபைனல்ஸ் எம்விபி.) கேட்பதற்குக் கணக்கு வாத்தியார் பேசுவது போல நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எழுதுவது யார் தெரியுமா? கேள்வி கேட்கிற அதே பத்திரிகை, டிவி கூட்டம்தான். அந்த விருதை ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, பயிற்சியாளர்களும் தேர்ந்தெடுப்பதில்லை. ஓட்டுப் போடுவது ஊடகக்காரர்கள்.

2015 இறுதித் தொடரையே எடுத்துக்கொள்வோம். கோல்டன் ஸ்டேட் அணி கிளீவ்லாந்தை 4-2 என்று வென்றது. ஸ்டீஃபன் கரி ஆட்டத்துக்குச் சராசரி 26 புள்ளிகள் எடுத்தார். அந்த சீசனின் எம்விபியும் அவர்தான். ஆனால் ஃபைனல்ஸ் எம்விபி போனது ஆண்ட்ரே இகுவடாலாவுக்கு, சராசரி 16.3 புள்ளிகளுக்கு. மொத்தம் 11 ஓட்டு. இகுவடாலாவுக்கு 7, தோற்ற அணியின் லெப்ரான் ஜேம்ஸுக்கு 4. கரிக்கு? பூஜ்ஜியம்.

ஏன் இப்படி? கதை அப்படி. அந்த சீசன் முழுக்க ஒரு லீக் ஆட்டத்தில்கூட தொடக்க ஐவரில் இல்லாத இகுவடாலாவை, 2-1 என்று பின்தங்கியிருந்தபோது நான்காவது ஆட்டத்தில் முதலிலேயே இறக்கினார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆட்டங்களும் வரிசையாக வெற்றி. 'லெப்ரானைக் கட்டிப்போட்டவர்' என்று தலைப்பு தயார். கட்டிப்போடப்பட்ட லெப்ரான் அந்தத் தொடரில் எடுத்த சராசரி 35.8 புள்ளிகள் :-) இகுவடாலா நன்றாக ஆடவில்லை என்று யாரும் சொல்லவில்லை, பிரமாதமாகவே ஆடினார். ஆனால் எதிரணியின் இரண்டு ஆட்கள் எப்போதும் கரியையே சுற்றிக்கொண்டிருந்ததால்தான் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது என்பது ஸ்கோர் அட்டையில் வராது. கதையிலும் வரவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 2017, 2018 இரண்டு ஆண்டும் கோல்டன் ஸ்டேட்டே வென்றது, விருது கெவின் டூரண்டுக்குப் போனது. அப்புறம் ஆரம்பித்தார்கள் பாருங்கள்... "கரியிடம் மூன்று மோதிரம் இருக்கிறது, ஆனால் ஒரு ஃபைனல்ஸ் எம்விபிகூட இல்லையே, இவரை எப்படி மாபெரும் ஆட்டக்காரர்கள் வரிசையில் வைப்பது?" கொடுக்காமல் விட்டவர்களே, ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். 2022-ல் பாஸ்டனுக்கு எதிராகச் சராசரி 31.2 புள்ளிகள் எடுத்து அந்த விருதை அவர் வாங்கிய பிறகுதான் வாயை மூடினார்கள். 2015-ல் ஐந்து ஓட்டு இடம் மாறியிருந்தால் இந்த ஏழு வருட விவாதமே பிறந்திருக்காது.

இதில் இன்னொரு கூத்து. அந்த விருதுக்கு 2009-ல் பில் ரஸ்ஸல் பெயரை வைத்தார்கள். பாஸ்டனுக்காக 13 சீசன்களில் 11 பட்டம் வென்ற மனிதர். அவர் வாங்கிய ஃபைனல்ஸ் எம்விபி எத்தனை? ஒன்றுகூட இல்லை! விருதே 1969-ல்தான் தொடங்கியது. அது ரஸ்ஸலின் கடைசி சீசன். பாஸ்டன் வென்றது, விருதோ தோற்ற லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது (சராசரி 37.9, கொடுத்ததில் தப்பே இல்லை). "ரஸ்ஸலிடம் ஃபைனல்ஸ் எம்விபி இல்லையே" என்று யாராவது மூக்கைச் சிந்தியதுண்டா? கிடையாது. ரஸ்ஸலின் கதை ஏற்கனவே எழுதி முடிந்துவிட்டது. அங்கே பூஜ்ஜியம் உறுத்துவதில்லை, கரியிடம் மட்டும் உறுத்துகிறது.

கொசுறாக ஒன்று. 1980 வரை சீசன் எம்விபியைத் தேர்ந்தெடுத்தது ஆட்டக்காரர்களே. 1961-62-ல் வில்ட் சேம்பர்லெய்ன் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் எடுத்தார். இன்றுவரை யாரும் கிட்டே வரவில்லை. இருந்தும் இருவரோடும் தோளோடு தோள் இடித்து ஆடியவர்கள் ரஸ்ஸலுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அது சரியா தப்பா என்பது வேறு வழக்கு. மோதிப் பார்த்தவர்களின் தீர்ப்பாகவாவது இருந்தது.

"எல்லாம் வெட்டிப் பேச்சுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு: நஷ்டம் டாலரில் வருகிறது. ஆல்-என்பிஏ அணிகளைத் தேர்ந்தெடுப்பதும் ஊடக ஓட்டுதான், ஒப்பந்தத் தொகை அதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. 2021-ல் பாஸ்டனின் ஜேசன் டேட்டம் அந்தப் பட்டியலில் இடம்பெறாததால் அவருடைய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 3 கோடி டாலருக்கு மேல் போயிற்று. நியூயார்க் டைம்ஸ் போன்ற சில நாளிதழ்கள் தங்கள் நிருபர்கள் இந்த ஓட்டெடுப்புகளில் கலந்துகொள்ளவே கூடாது என்று தடுத்திருப்பது சும்மா இல்லை. செய்தி எழுதுகிறவனே செய்தியை உண்டாக்கவும் செய்தால் அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

சரி, முதல் கேள்விக்கு வருவோம். மோதிரத்தை எந்த நிருபரும் ஓட்டுப் போட்டுக் கொடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் அதை எப்படி எண்ணுவது என்று முடிவு செய்வது அவர்கள்தானே. மைக்கேல் ஜோர்டான் இறுதித் தொடரில் 6-0, லெப்ரான் 4-6. இந்த ஒரு வரியை வைத்தே எத்தனை டிவி நிகழ்ச்சிகள் ஓடியிருக்கின்றன! ஜோர்டான் பிளேஆஃபில் ஆடியது 13 சீசன். ஆறில் பட்டம். மீதி ஏழில் இறுதித் தொடருக்கே வரவில்லை. அதில் முதல் மூன்று ஆண்டும் முதல் சுற்றிலேயே வெளியே. அந்த ஏழும் கணக்கில் இல்லையாம். லெப்ரான் இறுதி வரை போய்த் தோற்ற ஆறும் கணக்கில் உண்டாம். முதல் சுற்றில் தோற்றால் களங்கமில்லை, இறுதிச் சுற்றில் தோற்றால் களங்கம். எந்த ஊர்க் கணக்கு இது? 2020-ல் பத்துப் பாகமாக வந்த 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணத்தொடரின் தயாரிப்பில் ஜோர்டானின் சொந்த நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. கதை 1998-ல் உட்டாவுக்கு எதிரான கடைசி ஷாட்டோடு முடிகிறது. பிறகு அவர் வாஷிங்டன் அணிக்கு ஆடிய இரண்டு சீசன்களில் ஒருமுறைகூட பிளேஆஃப் பக்கம் போகவில்லை என்பதற்கு அங்கே இடமேது? ஜோர்டான் மாபெரும் ஆட்டக்காரர், அதில் சண்டையே இல்லை. அவருக்கு இந்தப் போலிக் கணக்கு தேவையும் இல்லை.

டர்க் நோவிட்ஸ்கி கதை இன்னும் மோசம். 2006 இறுதித் தொடரில் டாலஸ் 2-0 என்று முன்னே இருந்து மயாமியிடம் கோட்டை விட்டது. அடுத்த சீசனில் 67 வெற்றி, ஆனால் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் தோல்வி. டர்க் 'மென்மையானவர்', நெருக்கடியில் கைவிடுபவர் என்று முத்திரை குத்திவிட்டார்கள். 2011-ல் அதே மயாமியை வென்றதும் ஒரே இரவில் இரும்பு மனிதர் ஆனார். பட்டம் வென்ற அந்த ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியில் அவர் எறிந்த 12-ல் கூடைக்குள் விழுந்தது ஒன்றே ஒன்று! தாங்கிப் பிடித்தவர் ஜேசன் டெர்ரி, மொத்தம் 27 புள்ளிகள். அன்று டெர்ரியும் தடுமாறியிருந்தால் டர்க் இன்னும் 'மென்மையானவர்'தானா?

கதை இல்லாமல் விளையாட்டு சுவைக்காது என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். வெறும் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு யாரும் ராத்திரி விழித்திருந்து ஆட்டம் பார்ப்பதில்லை. ஆனால் கதையைக் கதை என்று சொல்லுங்கள், தீர்ப்பு என்று சொல்லாதீர்கள்.

2013 ஜூன் 18, மயாமி. ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோ 3-2 என்று முன்னிலை. கடைசி 28 வினாடி இருக்கும்போது ஐந்து புள்ளி வித்தியாசம். கோப்பை வழங்கும் விழாவுக்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். லெப்ரான் ஒரு த்ரீ போட்டார். காவாய் லெனர்ட் தனக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். வித்தியாசம் மூன்று. சமன் செய்ய லெப்ரான் எறிந்த த்ரீ உள்ளே போகவில்லை. கிறிஸ் பாஷ் எகிறிப் பந்தைப் பிடித்து, வலது மூலைக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த ரே ஆலனிடம் கொடுத்தார். ஆலன் கோட்டைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எறிந்தார். 95-95. மீதி 5.2 வினாடி. கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது, ஏழாவது ஆட்டத்தையும் வென்றது.

லெப்ரானின் 4-6-ல் உள்ள நான்கில் ஒன்று அது. எறிந்தவர் ஆலன், பிடித்துக் கொடுத்தவர் பாஷ். ஆலன் தவறவிட்டிருந்தால் கணக்கு 3-7.