முதல் பார்வை போதுமா?

இந்தியாவுக்குப் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் வீட்டுக்கு முதலில் என்ன எழுதுவார்கள்? ஹாரன் சத்தம், காரம், கையால் சாப்பாடு, ரோட்டில் மாடு... எதுவும் பொய் இல்லை. ஆனால் அவ்வளவுதானா இந்தியா?

1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்குவுக்கு வயது சுமார் 24. மதம் பரப்ப வந்தவர். இங்குள்ளவர்கள் கல்வி இல்லாத காட்டுமிராண்டிகள் என்றுதான் முதலில் நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். சுவடிகளை வாசிக்க வாசிக்க அந்த எண்ணம் மாறியது. வந்த வேலையை அவர் விடவில்லை. ஆனாலும் 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூலே எழுதி முடித்தார். அனுப்பி வைத்தவர்கள் அதை அச்சிடவில்லை. 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது!

அவரை மாற்றியது ஊர் அல்ல, மொழி. அது இல்லாமல் இங்கேயே பத்து வருடம் இருந்தாலும் முதல் பார்வையே கடைசிப் பார்வை ஆகிவிடும்.

இன்று பெங்களூர் ஏ.சி. வளாகத்தில் ஆங்கிலம் பேசியே இரண்டு மூன்று மாதம் முடித்துக் கிளம்புபவரை மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ளூர்க்காரர்களும் கூட நின்று போட்டோ எடுத்து, "இட்லி பிடிச்சிருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவரை அப்படியே கடத்தூர் வெற்றிலைச் சந்தைக்குக் கூட்டிப்போய், "கட்டு என்ன விலைங்க?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தால் என்ன? பதில் புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்கட்டும். சீகன்பால்குவும் அப்படித்தானே ஆரம்பித்தார்!