விம்பிள்டனுக்கு எந்த நாள் போகலாம்?

யூன் மாதக் கடைசியில் மோர்டன் ஸ்ரேசன் வாசலில் 93ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வழக்கத்தை விடக் கூட்டம் அதிகமாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். தொப்பியும் சாப்பாட்டுப் பையுமாக ஏறுகிறவர்களில் அநேகர் விம்பிள்டன் ரெனிஸ் பார்க்கப் போகிறவர்கள். உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கும் இந்தப் போட்டி, நாம் இருக்கும் அதே மேர்ட்டன் நகரசபை எல்லைக்குள், சேர்ச் வீதியில் நடக்கிறது. ஆனாலும் புதிதாகக் குடிவந்த நம்மவர்களைக் கேட்டால், "அது பெரிய இடத்து ஆக்களின்ரை விசயம், எங்களுக்கு எங்கை?" என்பார்கள். போக விரும்புகிறவர்களுக்கும் எந்த நாள் போவதென்று தெரிவதில்லை. இம்முறை அதைப் பார்ப்போம்.

முதலில் ரிக்கற் விசயம். 1924 முதல் பொதுமக்களுக்குக் குலுக்கல் முறையில் ரிக்கற் கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பல மாதங்கள் முன்னதாகவே போட வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்தாலும் நாளையும் ஆடுகளத்தையும் அவர்களே தீர்மானிப்பார்கள். நாளை நாமே தெரிவு செய்ய வேண்டுமானால் அதற்குள்ள வழி வரிசைதான். சேர்ச் வீதிக்குப் பக்கத்திலுள்ள விம்பிள்டன் பார்க்கில் ஒவ்வொரு நாளும் இந்த வரிசை நிற்கும். சென்ரர் கோட், முதலாம் இலக்க, இரண்டாம் இலக்க ஆடுகளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 500 ரிக்கற்றுகளை அங்கே விற்கிறார்கள். கடைசி நாலு நாளும் சென்ரர் கோட்டுக்கு வரிசையில் ரிக்கற் கிடையாது. அந்த 500க்குள் வருவதற்குப் பலர் இரவே கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள். குழந்தை குட்டியோடு நமக்கு அது தேவையில்லை. பின்னால் நிற்பவர்களுக்குக் "கிறவுண்ட் பாஸ்" உண்டு. அதை வைத்துச் சிறிய ஆடுகளங்களில் விரும்பிய இடத்தில் இருந்து பார்க்கலாம். மேட்டுப் புல்தரையில் இருந்து பெரிய திரையிலும் பார்க்கலாம்.

இனி நாள் விசயத்துக்கு வருவோம். போட்டி பதினான்கு நாள். ஆண்கள் ஒற்றையர் பிரிவில் 128 பேர், பெண்கள் பிரிவில் 128 பேர். முதல் திங்களும் செவ்வாயும் முதற் சுற்று நடக்கும். அதாவது இரண்டு நாளில் 128 ஆட்டங்கள், பதினெட்டு ஆடுகளங்களில். புதனும் வியாழனும் இரண்டாம் சுற்று, வெள்ளியும் சனியும் மூன்றாம் சுற்று. நடு ஞாயிறு முன்னர் ஓய்வு நாளாக இருந்தது. 2022 முதல் அன்றும் ஆட்டம் உண்டு. அன்றும் மறுநாள் திங்களும் நாலாம் சுற்று. செவ்வாயும் புதனும் கால் இறுதி. வியாழன் பெண்கள் அரை இறுதி, வெள்ளி ஆண்கள் அரை இறுதி, சனி பெண்கள் இறுதி, ஞாயிறு ஆண்கள் இறுதி.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது சுலபம். முதல் வாரத்தில் பேர்போன வீரர்கள் கூடச் சிறிய ஆடுகளங்களில் ஆடுவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இரண்டாம் வாரம் போகப் போகப் பெரிய ஆட்டங்கள் பெரிய ஆடுகளங்களுக்குள் போய்விடும். விலையையும் பாருங்கள். 2024இல் முதல் எட்டு நாட்களுக்குக் கிறவுண்ட் பாஸ் ஒன்று 30 பவுண். நாலு பேருக்கு 120 பவுண். அதே ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு ஒரு ரிக்கற் 275 பவுண். நாலு பேருக்கு 1,100. இறுதியை வீட்டில் தொலைக்காட்சியில் பாருங்கள். காசு கொடுத்துப் போவதென்றால் முதல் வாரமே நம் குடும்பங்களுக்கு உகந்தது.

குறிப்பிட்ட ஒரு வீரரைப் பிள்ளை பார்க்க ஆசைப்பட்டால் ஒரு வழி உண்டு. போட்டி தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை யார் யாருடன் மோதுவது என்ற பட்டியல் வந்துவிடும். திங்கள் ஆடி வென்றவர், மழை குழப்பாவிட்டால், புதன் ஆடுவார், பிறகு வெள்ளி ஆடுவார். செவ்வாய் வென்றவருக்கு வியாழனும் சனியும். எந்த ஆடுகளம், எத்தனையாவது ஆட்டம் என்பது முதல் நாள் மாலையில் அறிவிக்கப்படும். அதைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

பாடசாலையை மறக்கக் கூடாது. இந்தப் பதினான்கு நாளும் தவணைக் காலம். ரெனிஸ் பார்ப்பதற்காகப் பிள்ளையை மறிப்பது அனுமதியில்லாத வரவின்மையாகப் பதிவாகும். ஆகவே சனி, ஞாயிறைத் தெரிவு செய்யுங்கள். அந்த நாட்களில் கூட்டம் கூட. காலை வெள்ளனப் போக வேண்டும். இன்னொரு வழி, பாடசாலை விட்டபின் போவது. ஐந்து மணிக்குப் பின் கிறவுண்ட் பாஸின் விலை குறையும். ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் காலம் இது. மாலையில் பெரிய ஆடுகளங்களை விட்டுப் போகிறவர்களின் இடங்களையும் 10, 15 பவுணுக்குத் திருப்பி விற்கிறார்கள். அந்தப் பணம் தர்ம காரியங்களுக்குப் போகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரிய ஆடுகளங்களுக்குள் விடமாட்டார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கைச்செலவைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டாம் வாரமும் வீண் போகாது. கிறவுண்ட் பாஸின் விலை இறங்கும். சிறுவர், சிறுமியர் போட்டிகள் நடக்கும். நாளைய வெற்றியாளர்கள் அங்கேதான் நிற்பார்கள். 1998இல் சிறுவர் பட்டத்தை வென்றவர் ரோஜர் பெடரர். அவருக்கு முன்னே நம் தமிழர் இருவர் இதே பட்டத்தை எடுத்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் வென்றார். பின்னர் 1960இலும் 1961இலும் பெரியவர்கள் போட்டியில் அரை இறுதி வரை போனார். 1961இல் கால் இறுதியில் அவர் தோற்கடித்தது அவுஸ்திரேலியாவின் ரோய் எமர்சனை. அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துப் போங்கள்.

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வரிசை தெரியாதவர்கள் இல்லை. பாணுக்கு நின்றோம், மண்ணெண்ணெய்க்கு நின்றோம், பாஸுக்கு நின்றோம், இங்கு வந்து குடிவரவுக் கந்தோர் வாசலிலும் நின்றோம். அந்த வரிசைகளில் உள்ளே போனபின் என்ன கேட்பார்களோ என்ற பயம் கூடவே நின்றது. இந்த வரிசையில் ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட ஒரு அட்டை தருவார்கள். நீ யார், எங்கிருந்து வந்தாய், எத்தனை வருடமாய் இருக்கிறாய் என்று யாரும் விசாரிப்பதில்லை. உத்தியோகக்காரருக்கும் இரவு முழுக்கப் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவருக்கும் ஒரே சட்டம்: முதலில் வந்தவர் முதலில். ஆனபடியால் அப்பா முன்னே போய் எல்லாருக்கும் இடம் பிடிப்பது சரிவராது. ஆளுக்கு ஒரு ரிக்கற். குடும்பமாக வந்து குடும்பமாகவே நிற்க வேண்டும்.

வங்கி அட்டையை மறக்காதீர்கள். காசுத் தாள் செல்லாது. விலையையும் விதிகளையும் அந்தந்த ஆண்டு கழகத்தின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. சிறிய பையில் இடியப்பமோ பிட்டோ கட்டிக்கொண்டு போகலாம். குடையும் வேண்டும். சென்ரர் கோட்டுக்கு 2009இலும் முதலாம் இலக்கத்துக்கு 2019இலும் கூரை போட்டார்கள். மற்ற ஆடுகளங்களில் மழை வந்தால் நனைய வேண்டியதுதான். 93இல் ஏறி விம்பிள்டன் வில்லேஜில் இறங்கினால் சேர்ச் வீதியால் இறக்கத்தில் நடக்கலாம்.

நாட்காட்டியை எடுத்து அந்த முதல் வாரத்துச் சனிக்கிழமையில் இப்போதே ஒரு கோடு போட்டு வையுங்கள். வேலைத்தலத்தில் லீவு கேட்பதற்கு அதுதான் முதற்படி.