பூ வேண்டுமா? எழுத்துருப் பட்டியலில் தேடுங்கள்



காதணி விழா, புதுமனை புகுவிழா, பள்ளி ஆண்டு மலர் என்று நீங்களே வடிவமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதையெல்லாம் ஆசையோடு பார்க்கிறேன். ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. இணையத்தில் எடுத்த பூவும் மயிலும் பெரிதாக்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகின்றன. சிலவற்றில் வரைந்தவரின் பெயரே குறுக்கே நிற்கிறது. அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதினால் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். இதுவும் அதுதான்.

சின்ன அலங்காரங்களுக்கு இந்தத் தேடலே வேண்டாம் என்பது என் கருத்து. கணினியில் ஏற்கெனவே இருக்கும் குறியீட்டு எழுத்துருக்களே போதும். இது புது யோசனையும் இல்லை. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர்கள் பூ, நட்சத்திரம், கை அடையாளம் எல்லாவற்றையும் எழுத்துகளோடு எழுத்தாகக் கோத்தார்கள். ஹெர்மன் சாஃப் வடிவமைத்து 1978இல் வந்த சாஃப் டிங்பேட்ஸும், பிறகு வந்த விங்டிங்ஸும் அந்தப் பரம்பரைதான்.

வேர்டில் விங்டிங்ஸைத் தேர்ந்தெடுத்து & அடியுங்கள், திறந்த புத்தகம் வரும். ! அடித்தால் பென்சில். { அடித்தால் பூ. அதையே வரிசையாக அடித்தால் பார்டர் தயார். எழுத்து என்பதால் பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. நிறமும் நொடியில் மாறும். இணைய வசதி இல்லாத பள்ளியில், படம் வரைய வராத பிள்ளைகூடத் தன் கையால் ஓர் அட்டையை அழகாக்க முடியும். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

மூன்று எச்சரிக்கைகள்:

1. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தால், சிரித்த முகம் இருந்த இடத்தில் வெறும் ஆங்கில 'ஜே' நிற்கலாம். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். கோரல்டிரா என்றால் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் கர்வ்ஸாக மாற்றிவிடுங்கள்.

2. புதிதாக எழுத்துரு இறக்கினால் அதன் உரிமத்தைப் படியுங்கள். சில எழுத்துருக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம்.

3. பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்குப் படம் தெரியாது. தொலைபேசிச் சின்னம் போட்டாலும் 'தொலைபேசி' என்று எழுத்திலும் எழுதுங்கள். நம் அழைப்பு எல்லோருக்கும்தானே!

பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் செய்ததை இங்கே போடுங்கள், இந்த முறை மதிப்பெண் தாராளமாகப் போடுகிறேன்.