ஜுரத்தின் கணக்கு

இன்புளூயன்ஸா ஜுரம் டில்லியில் ஆடி ஆவணியில் ஓங்குகிறது, ஸ்ரீநகரில் கடுங்குளிரில், சென்னையிலோ ஐப்பசி அடைமழையோடு வருகிறது. ஊசி பலிக்க இரண்டு வாரமாகும். ஆதலின் டில்லியின் பருவத்தை நம்பி நம் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஊசியிடுவது பேதைமை. நம் ஜில்லாக்களின் கணக்கே நமக்கு வழிகாட்டும்.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் பரிசோதிக்கிறது, உண்மையே. ஆனால், கடை மாத்திரையை விழுங்கிவிட்டுப் பாயில் கிடப்போர் எக்கணக்கில் ஏறுவர்? 1918-ல் இந்நோய் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவர் தொகை இன்றளவும் வெறும் மதிப்பீடே! புரட்டாசி முதற்கொண்டு தனி வைத்தியர்களிடமும் கணக்குக் கேட்டு, வாரந்தோறும் ஜில்லாவாரியாகப் பத்திரிகைகளில் வெளியிடச் சர்க்காருக்கு என்ன தடை?