‘கிளீனர்’ மீன்

“கிளீனர் மீன் நாலு போடட்டுமா, ஸார்? கீழே விழற அழுக்கையெல்லாம் அதுவே தின்னுடும். நீங்க தொட்டியைக் கழுவவே வேண்டாம்!”

வண்ண மீன் கடையில் ஒரு பையன் என்னிடம் இப்படிச் சொன்னான். அவன் மீது எனக்குக் கோபம் இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்ததை அவன் ஒப்பித்தான். நம்பினேனே, என் மீதுதான் கோபம்! கதை எழுதிப் பிழைக்கிறவன், பிறர் சொல்லும் கதையை அவ்வளவு சுலபமாக நம்பியிருக்கக் கூடாது.

பையில் பிடித்துக் கொடுத்தானே, அந்த மீனுக்குக் கோரிடோராஸ் என்று பெயர். கெளுத்தி வகை. இரண்டு மூன்று அங்குலம்தான் வளரும். செதில் கிடையாது, விலாவில் இரண்டு வரிசை எலும்புத் தகடுகளைக் கவசம் மாதிரி அணிந்திருக்கும். வாயோரத்தில் மீசை. சொந்த ஊர் தென்னமெரிக்க ஆறுகள். அதில் மிளகுப்பொடி தூவினாற்போன்ற ஒரு வகையை, பீகிள் கப்பலில் போன டார்வின் சேகரித்துக் கொண்டு வர, 1842-ல் ஜெனின்ஸ் என்பவர் அதற்குப் பெயர் சூட்டினார். 2024-ல் நிபுணர்கள் இந்தக் கூட்டத்தையே பல பேரினங்களாகப் பிரித்து, அந்தப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். நம் கடைகளில் இதெல்லாம் யாருக்கு வேண்டும்? டார்வின் கண்ணில் பட்டால் என்ன, யார் கண்ணில் பட்டால் என்ன, இங்கே வந்தால் அது ‘கிளீனர்’தான்.

இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நம் வீட்டை யார் பெருக்குகிறார்களோ, அவர்களுக்கு நம் மிச்சமே போதும் என்று முடிவு கட்டிவிடுவோம். பழையதையும் ஊசிப்போன குழம்பையும் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்ததாகத் திருப்திப்படுகிற அதே மனசுதான், மீன் தொட்டிக்கு முன்னாலும் நிற்கிறது. மேலே நீந்துகிற அழகான மீனுக்குத் தீனி. தரையில் ஊர்கிறதற்கு அதன் எச்சில். அது மீன் கழிவைத் தின்னாது, ஐயா! எந்தக் காலத்திலும் தின்றதில்லை. ஆற்று மணலில் புழுவும் பூச்சியும் தேடித் தின்கிற ஜீவன் அது. விளக்கை அணைத்த பிறகு, அதற்கென்று அடியில் முங்குகிற தீனியாகப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டினி, வேறொன்றுமில்லை.

பட்டினி போட்டது போதாதென்று, முள் படுக்கையும் விரித்தேன். நீலமும் ரோஜா நிறமுமாகச் சாயம் பூசிய உடைகல். பார்க்கப் பிரமாதமாக இருந்தது! இரண்டு மாதம் கழித்து உற்றுப் பார்த்தேன். நாலு மீனுக்கும் மீசை தேய்ந்து, பிய்ந்த கயிற்று நுனி மாதிரி இருந்தது. ஒன்றுக்கு இடது பக்கம் அடியோடு இல்லை. அந்த மீசைதான் அதற்குக் கையும் நாக்கும். இருட்டில் அதால் தடவித்தான் இரை எது, கல் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

என் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற அதிகாரி, சிரித்தார். “மீனுக்கு மீசை போனால் என்ன ஸார்? என் வீட்டில் கல் மேலேயே இரண்டு வருஷம் இருந்ததே!” என்றார். இரண்டு வருஷம்! ஒழுங்காகக் கவனித்தால் பத்து வருஷம்கூட இருக்கக்கூடியது. ஐந்தில் ஒரு பங்கு ஆயுளைக் கொடுத்துவிட்டு அவர் பெருமைப்படுகிறார்.

கல்லை வாரிக் கொட்டிவிட்டு மணல் போட்டேன். அதிலும் ஒரு சங்கதி. வீடு கட்டுகிற இடத்தில் கிடைக்கிறதே என்று எம் ஸாண்டை அள்ளி வந்துவிடாதீர்கள். அது பாறையை உடைத்த தூள்; ஒவ்வொரு துகளும் கத்தி. கடற்கரை மணலிலோ உப்பும் கிளிஞ்சலும். தண்ணீர் உருட்டி உருட்டி முனை மழுங்கின, பொடியான ஆற்று மணல்தான் தோது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உறுத்தக் கூடாது. கலங்கல் போகிற வரையில் அலசி, ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் போதும்.

மணல் போட்ட அன்று சாயங்காலம் கண்ட காட்சியை எப்படிச் சொல்வேன்! ஒன்று மூக்கைக் கண் வரைக்கும் மணலில் புதைத்து, ஒரு வாய் அள்ளி, வேண்டியதைத் தின்றுவிட்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாகப் புகை மாதிரி விட்டது. சல்லடை போட்டுச் சலிப்பது போல. கல்லின் மீது வைத்து, பிறவியோடு வந்த இந்த வித்தையையே நான் அதனிடமிருந்து பிடுங்கியிருந்தேன்.

ஆனால் மீசை வளரவில்லை. இங்கேதான் என் வாதத்தில் ஓட்டை விழுந்தது, மறைக்க மாட்டேன். மீசை தேய்வது கல்லின் கூராலா, கல்லிடுக்கில் அழுகும் தீனியில் பெருகும் கிருமியாலா என்று மீன் வளர்ப்பவர்களுக்குள் ஓயாத சண்டை உண்டு. நானோ கல்லை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தண்ணீரை மறந்துவிட்டேன். மணல் மேல் கழிவு படிந்தால் மணலும் மீசையைத் தின்னும். ‘கழுவவே வேண்டாம்’ என்ற பையனின் வாக்கை, மணல் போட்ட பிறகும் நான் கடைப்பிடித்துக் கொண்டிருந்தேனே!

இந்த மீன் அவ்வப்போது விருட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அந்தக் காற்றிலிருந்து குடலாலேயே பிராணவாயுவை எடுத்துக் கொள்ளும். அது சகஜம். என் மீன்களோ நிமிஷத்துக்கு ஒரு தரம் பாய்ந்தன. நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து, “ஆஹா, என்ன விளையாட்டு!” என்று ரசித்தோம். விளையாட்டா அது? மூச்சு முட்டல்! பரிசோதனை மருந்து வாங்கிப் பார்த்தபோது அம்மோனியா இருந்தது, நைட்ரைட்டும் இருந்தது. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டியவை. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நானோ பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசி, அதிலிருந்த குளோரினால் அவற்றைக் கொன்று கொண்டிருந்தேன்.

இப்போது வாரம் ஒரு முறை காலே அரைக்கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். குளோரின் முறிக்கிற மருந்து போட்ட தண்ணீர். மணலை மேலாகக் கிளறி, படிந்ததை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுக்கிறேன். கூட்டமாக வாழ்கிறது என்பதால் இன்னும் மூன்று வாங்கி விட்டேன். தொட்டியைக் கழுவுகிறவன் யார் என்று கேட்டால், நான்தான்.

மூன்று மீன்களுக்கு மீசை மறுபடி துளிர்த்துவிட்டது. அடியோடு போன அந்த ஒன்றுக்கு மட்டும் இடது பக்கம் வரவே இல்லை. ராத்திரி தீனி போட்டால், அது வலது கன்னத்தைத் தரையில் சாய்த்து, வட்டம் வட்டமாகத் தேடுகிறது. மற்றவை தின்று முடிக்கிற வரையில் காத்திருந்து, அதற்கென்று ஒரு துண்டைத் தனியே அதன் பக்கத்தில் போடுகிறேன்.