‘செல்ஃப்’ என்பது யார்?

மாணவர்களே, மரபுரிமைக்கு வரைவிலக்கணம் கேட்டால் உங்களிற் பலர் பிழையின்றி எழுதிவிடுவீர்கள்: தாய் வகுப்பின் பண்புகளையும் முறைகளையும் சேய் வகுப்பு பெற்றுக்கொள்ளுதல். ஆனால் சிறு செய்நிரலொன்றைத் தந்து வருவிளைவைக் கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் மரபுரிமை அன்று, ‘செல்ஃப்’ என்ற சொல்லை நிதானித்துப் படிக்காமையே என்பது எனது கருத்து.

‘ஊழியர்’ என்றொரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ‘சம்பளம்’ என்னும் முறை 40000 ரூபாவைத் தரும். ‘சீட்டு’ என்னும் முறை ‘செல்ஃப்.சம்பளம்’ என அழைத்து, கிடைப்பதை அச்சிடும். ‘நாட்கூலி ஊழியர்’ அதன் சேய் வகுப்பு. அது ‘சம்பளம்’ முறையை மட்டும் மாற்றி எழுதுகிறது: 22 நாட்கள், நாளொன்றுக்கு 1500 ரூபா. இப்போது நாட்கூலி ஊழியர் ஒருவரை உருவாக்கி, அவரது ‘சீட்டு’ முறையைப் பைதனில் அழையுங்கள். அச்சாவது எவ்வளவு?

40000 என்பவர்கள், ‘சீட்டு’ தாய் வகுப்பில் இருப்பதால் செல்ஃபும் தாயையே குறிக்கும் என எண்ணுகிறார்கள். அது பிழை. விண்ணப்பப் படிவத்தில் ‘எனது பெயர்’ என்று அச்சிட்டவர் யாரோ ஓர் அலுவலர். ஆனால் ‘எனது’ என்பது நிரப்புபவரையே குறிக்கிறதல்லவா? செல்ஃபும் அப்படித்தான். அது அவ்வரி எழுதப்பட்ட வகுப்பு அன்று. அழைப்பைப் பெற்ற பொருள். ஆகவே ‘சம்பளம்’ முறையைத் தேடுவது அப்பொருளின் சொந்த வகுப்பிலிருந்தே தொடங்கும். விடை 33000.

ஜாவாவிலும் சி++ இலும் இதன் பெயர் ‘திஸ்’. பைதனில் செல்ஃபை ஒவ்வொரு முறையிலும் முதலாவது பரமானமாக எழுதவேண்டியிருப்பதைச் சிலர் தொல்லை என்பர். கற்பவருக்கு அது நன்மையே என்பேன். யாரை அழைக்கிறோம் என்பது கண்முன்னே நிற்கிறது. ஆனால் சி++ இலும் பொருள்நோக்குப் பஸ்காலிலும் ஒரு நிபந்தனை உண்டு. தாய் வகுப்பு ‘சம்பளம்’ முறையை ‘வேர்ச்சுவல்’ எனப் பிரகடனம் செய்திராவிட்டால் 40000 தான் அச்சாகும். நோர்வேயின் டால், நைகார்ட் ஆகியோர் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

செய்நிரலை வாசிக்கும்போது ஒவ்வோர் அழைப்புக்கும் எதிரே, கொப்பியின் ஓரத்தில் ‘செல்ஃப் யார்?’ என்று எழுதி விடையையும் குறியுங்கள். பின்னர் நாட்கூலி ஊழியர் வகுப்பிலுள்ள ‘சம்பளம்’ முறையை அழித்துவிட்டு மீண்டும் ‘சீட்டு’ முறையை அழையுங்கள். செல்ஃப் மாறவில்லை, விடை மட்டும் 40000 ஆகிவிட்டது. ஏன் என்பதை இரண்டு வரிகளில் எழுதிப் பாருங்கள்.