ராய் கீனின் இரண்டாம் பாதி

நல்ல ஆட்டக்காரர் நல்ல மேலாளராவதில்லை என்னும் பொதுப்புத்திக்கு உதாரணம் தேடுவோர் முதலில் கைகாட்டுவது ராய் கீனை. அயர்லாந்தின் கார்க் நகரில் 1971இல் பிறந்து, மான்செஸ்டர் யுனைடெட்டின் அணித்தலைவராக உலகறியப்பட்டவர். மேலாளராக இரண்டு அணிகளிலும் சேர்த்துச் சுமார் நான்கு ஆண்டுகளே நீடித்தவர். காரணம் முன்கோபம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இந்த எளிமைப்படுத்தலோடு நமக்கு உடன்பாடில்லை.

கீனின் ஆளுமையைப் புரிந்துகொள்ள 1999 ஏப்ரலில் டூரினில் நடந்த அரையிறுதி ஒன்றே போதும். பதினோரு நிமிடங்களுக்குள் யுவென்டஸ் இரண்டு கோல் அடித்துவிட்டது. தலையால் முட்டி முதல் கோலைத் திருப்பியவர் கீன். சற்று நேரத்தில் அவருக்கு மஞ்சள் அட்டை. அணி வென்றாலும் இறுதிப்போட்டியில் தான் ஆட முடியாது என்பது அந்தக் கணத்திலேயே முடிவாகிவிட்டது. அதன் பிறகுதான் அவர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றை ஆடினார். யுனைடெட் 3-2 என வென்றது. தனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றுக்காக முழுமையாக உழைப்பது சாதாரண மனநிலையல்ல.

2002 உலகக் கோப்பைக்கு முன் சைப்பான் தீவில் நடந்ததையும் இதே வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். கட்டாந்தரையான மைதானம், நேரத்துக்கு வந்துசேராத பந்துகளும் உடைகளும். இவற்றைக் கீன் பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். மேலாளர் மிக் மெக்கார்த்தி அணியினர் முன்னிலையில் விளக்கம் கேட்க, வார்த்தைகள் தடித்தன; அணித்தலைவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அயர்லாந்து இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பின்னர் வந்த ஜெனிசிஸ் அறிக்கை ஏற்பாடுகளில் குறைபாடுகள் இருந்ததை ஒப்புக்கொண்டது. கீன் பேசிய தொனி தவறாக இருக்கலாம். பேசிய பொருள் தவறல்ல என்பதே நம் கருத்து.

அதற்காக அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 2001இல் ஆல்ஃபி ஹாலண்டின் முழங்காலைத் தாக்கியதற்கு எந்த நியாயமும் கிடையாது. இதில் இலக்கிய வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. களத்தில் செய்த குற்றத்துக்குச் சிவப்பு அட்டையும் சில ஆட்டங்கள் தடையும்தான். 2002இல் வந்த தன்வரலாற்றில் அதை மறைக்காமல் எழுதியதற்கே ஐந்து ஆட்டத் தடையும் ஒன்றரை லட்சம் பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன.

2006 ஆகஸ்டில் கீன் சண்டர்லாண்டின் மேலாளரானார். அழைத்தவர் நியால் குவின். சைப்பானில் மெக்கார்த்தியோடு நின்றவர். இரண்டாம் நிலைப் பிரிவின் அடித்தட்டில் கிடந்த அணி அந்தப் பருவத்திலேயே முதலிடம் பிடித்துப் பிரீமியர் லீகுக்கு ஏறியது. பார்ன்ஸ்லி ஆட்டத்துக்குக் கிளம்பும் பேருந்துக்குத் தாமதமாக வந்த மூவரை விட்டுவிட்டே புறப்பட்டார், அணி வென்றது. ஆக, அவரால் முடியவில்லை என்பது உண்மையல்ல. ஆனால் 2008 டிசம்பரில் அவரே விலகினார். 2009இல் ஏற்ற இப்ஸ்விச் பொறுப்பிலிருந்து 2011 ஜனவரியில் நீக்கப்பட்டார்.

சிக்கல் எங்கே? அணித்தலைவராக இருந்தபோது சகவீரனிடம் கீன் எதைக் கேட்டாரோ அதை அடுத்த நிமிடமே தன் கால்களால் செய்து காட்டினார். அவருடைய கோபத்துக்கு அவருடைய உழைப்பே ஜாமீன். கோட்டுக்கு வெளியே நிற்கும் மேலாளருக்கு அந்த ஜாமீன் இல்லை. அங்கே சொல் மட்டுமே மிஞ்சுகிறது. செயலின் துணையில்லாத கண்டிப்பு, கேட்பவனுக்கு வெறும் வசையாகவே சென்றுசேரும்.

கீன் தன் ஆதர்சமாகச் சொல்லும் பிரையன் கிளஃப் இதை அறிந்திருந்தார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் ஒரு பிழைக்காக இளம் கீனைக் குத்திவிட்டவர் அவர். வீட்டு ஏக்கத்தில் தவித்த அதே இளைஞனைப் பலமுறை கார்க்குக்கு அனுப்பிவைத்தவரும் அவரே. கீன் முதலாவதைச் சுவீகரித்த அளவுக்கு இரண்டாவதைச் சுவீகரிக்கவில்லை என்று தோன்றுகிறது. புக்கர் பரிசு பெற்ற நாவலாசிரியர் ராடி டாயிலுடன் சேர்ந்து 2014இல் எழுதிய ‘இரண்டாம் பாதி’ என்னும் நூலில், மேலாளராகத் தன் பிழைகளை அவரே கறாராக எடைபோடுவது இந்த ஊகத்துக்கு வலுச்சேர்க்கிறது.

வரலாற்றின் நகைமுரணையும் சொல்லிவிடலாம். சண்டர்லாண்டில் கீனுக்குச் சற்று முன்னர் மேலாளராக இருந்தவர் மெக்கார்த்தி. கீன் வெளியேறிய பிறகு 2012இல் இப்ஸ்விச்சுக்கு வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தவரும் மெக்கார்த்தி. மார்ட்டின் ஓ’நீலின் துணைவராகக் கீன் இருந்த அயர்லாந்து அணியின் பொறுப்பு 2018இல் யாரிடம் போனது? மெக்கார்த்தியிடமே. அனுசரித்துப் போகிறவர்களால்தான் நிறுவனங்கள் நிலைக்கின்றன. இதில் கேவலம் எதுவுமில்லை. ஆனால் மைதானம் கட்டாந்தரையாகக் கிடக்கிறது என்று சொல்ல ஒருவராவது இல்லாத நிறுவனம் தன் சரிவை உணராமலேயே சரியும். சொல்பவரை வைத்துக்கொள்ளவும் தெரியாமல், அவரின்றி வாழவும் தெரியாமல் தவித்த ஓர் அமைப்பின் கதையாகவே கீனின் கதையை நாம் வாசிக்கிறோம்.